கொட்டான் முடையும் ஆச்சி: பார்ப்பவர் கண்ணை உருவத்துக்கு அழைத்து வருவது எப்படி?

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் உறவுக்காரர் வீட்டு வளவில், அதாவது நடுமுற்றத்தில் வைத்து என் அப்பத்தாவை ஒருமுறை வரைந்தேன். நான்கு நாள் வேலை. தளத்தில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் இருந்த ஒவ்வொரு பூவையும், கண்டாங்கிச் சேலையின் ஒவ்வொரு கட்டத்தையும் விடாமல் போட்டேன். படத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒன்றுபோலச் சொன்னார்கள்: "தளம் அச்சு அசலா இருக்கு!" அப்பத்தாவும், "இந்தக் கல்லை எப்படிப்பா இப்படிப் போட்டே?" என்றுதான் கேட்டார்கள். படத்தில் தான் உட்கார்ந்திருப்பதைப் பற்றி அவர்களுக்கே ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

கோட்டில் பிழையில்லை, நிறத்திலும் பெரிய பிழையில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு அக்கறை காட்டியிருந்தேன், அதுதான் பிழை. வளவில் எல்லாமே கண்ணைப் பிடித்து இழுக்கிற பொருள்கள். அவற்றில் பலதை அடக்கி வைத்தால்தான் உட்கார்ந்திருக்கும் மனிதர் தெரிவார். உருவ ஓவியம் வரையப் புதிதாக வருகிறவர்களுக்கு அந்த அடக்கும் வேலையைப் படிப்படியாகச் சொல்கிறேன். கடைசிவரை ஒரே காட்சியை வைத்துக்கொள்வோம்: வளவைச் சுற்றிய தாழ்வாரத்தில் உட்கார்ந்து பனையோலைக் கொட்டான் (சின்னக் கூடை) முடையும் ஓர் ஆச்சி.

சாமான்கள் அதிகம் வேண்டாம். கார்ட்ரிட்ஜ் தாள், 6பி பென்சில், அக்ரிலிக் அல்லது போஸ்டர் கலர். ட்யூப்கள் ஐந்து போதும்: டைட்டானியம் வெள்ளை, யெல்லோ ஆக்கர், பர்ன்ட் சியன்னா, ஏதாவது ஒரு நல்ல சிவப்பு, அல்ட்ராமரின் நீலம். கறுப்பை வாங்காதீர்கள். பர்ன்ட் சியன்னாவையும் அல்ட்ராமரினையும் கலந்தால் கறுப்புக்கு நிகரான இருட்டு கிடைக்கும். அதில் நீலத்தைக் கூட்டினால் குளிர்ச்சியான இருட்டு, சியன்னாவைக் கூட்டினால் வெதுவெதுப்பான இருட்டு. கொஞ்சம் வெள்ளை சேர்த்தால் அருமையான சாம்பல். இந்தச் சாம்பலைத்தான் கடைசிவரை தேடித் தேடி எடுக்கப்போகிறோம்.

1. எதைப் பார்க்கவேண்டும் என்று முதலில் எழுதுங்கள்

தாளின் பின்பக்கம் ஒரு வரி எழுதுங்கள். "ஆச்சி" என்று மட்டும் எழுதினால் போதாது. "ஓலையை இழுத்து மடக்கும் ஆச்சியின் விரல்கள்" என்று எழுதுங்கள். "வேலைக்கு நடுவில் யாரோ கூப்பிட, நிமிர்ந்து பார்க்கும் ஆச்சியின் முகம்" என்று எழுதினால் அது வேறு படம். இரண்டுக்கும் வெளிச்சம் வேறு, உட்காரும் இடம் வேறு, சேலையின் நிறம்கூட வேறு.

இவ்வளவு குறிப்பாக எழுதச் சொல்வதற்குக் காரணம் கண்ணின் அமைப்பு. கையை நேராக நீட்டிக் கட்டைவிரலைப் பாருங்கள். அந்த நகத்தின் அகலம்தான் நம் கண் ஒரு நேரத்தில் கூர்மையாகப் பார்க்கும் பரப்பு. மற்றதெல்லாம் மங்கல். அதனால் கண் படத்தின்மேல் தாவித் தாவித்தான் போகும். சோவியத் ஆய்வாளர் ஆல்ஃபிரெட் யார்பஸ் இந்தத் தாவலைப் பதிவு செய்து பார்த்தார். இலியா ரெப்பின் வரைந்த, நாடுகடத்தப்பட்ட ஒருவர் எதிர்பாராமல் வீடு திரும்பும் ஓவியத்தைக் காட்டினார். கண்கள் திரும்பத் திரும்ப முகங்களிலேயே போய் நின்றன. இவர்களுக்கு என்ன வயது, குடும்பத்தின் வசதி எப்படி என்று கேள்வியை மாற்றியபோது கண் போன பாதையும் மாறியது.

நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. முகத்துக்கு இயல்பாகவே இழுக்கும் சக்தி இருக்கிறது. விரல்களைக் காட்ட வேண்டுமானால் முகத்தைக் கொஞ்சம் அடக்க வேண்டும். ஆச்சி குனிந்திருக்கட்டும், நெற்றியில் மட்டும் வெளிச்சம் படட்டும், கண் நிழலில் இருக்கட்டும். முகத்தையும் விரலையும் ஒரே அளவு பளிச்சென்று வரைந்தால் முகம்தான் ஜெயிக்கும்.

2. ஒருநாள் முழுக்க வெளிச்சத்தைப் பாருங்கள்

இந்தப் படிக்கு ஒரு நாளை அப்படியே ஒதுக்குங்கள். அன்றைக்கு வரைய வேண்டாம், ஆச்சியையும் தொந்தரவு செய்ய வேண்டாம். அவர்கள் உட்காரப்போகும் இடத்தில் ஒரு முட்டையை வைத்துவிட்டு, காலை எட்டரைக்கும், பதினொரு மணிக்கும், உச்சிப்பொழுதிலும், மாலை நாலரைக்கும் போய்ப் பாருங்கள்.

வளவு என்பது மேலே திறந்த ஒரு பெரிய விளக்கு. நம் ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 10 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்டு கடைசியிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். வளவில் நட்டுவைத்த குச்சிக்கு நிழலே இருக்காது. அந்த நேரத்தில் வெயிலில் உட்காரவைத்து வரைந்தால் கண்குழி இரண்டும் கறுத்து, மூக்கு நுனி மட்டும் வெளுத்து, மனிதர் கோபமாக இருப்பதுபோல் தெரிவார். உச்சி வெயிலை விட்டுவிடுங்கள்.

வெயில் படாத தாழ்வாரத்தில், வளவின் ஓரத்திலிருந்து இரண்டு மூன்று அடி உள்ளே முட்டையை வைத்துப் பாருங்கள். வளவைப் பார்த்த பக்கம் வெளிச்சம், அறையைப் பார்த்த பக்கம் நிழல். இரண்டுக்கும் நடுவே மெல்ல மெல்ல மாறும் ஒரு பகுதி. உருவத்தின் உருட்டு முழுக்க அந்த நடுப்பகுதியில்தான் இருக்கிறது. முட்டையின் அடியைக் கவனியுங்கள். தளத்தில் விழுந்த வெளிச்சம் எழும்பி வந்து அடிப்பக்கத்தில் லேசாகப் படும், வரும்போது கல்லின் நிறத்தையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு வரும். சிவப்புக் கல் பதித்த தளமென்றால் ஆச்சியின் தாடைக்கு அடியிலும் முழங்கையின் கீழும் ஒரு செம்மை தெரியும். அதைப் போட்டால் ஆச்சி அந்த வீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நம்பத் தோன்றும். ஆனால் அந்த எழும்பிய வெளிச்சத்தை நேர் வெளிச்சத்தின் அளவுக்கு ஏற்றிவிடாதீர்கள். நிழலுக்குள் இருப்பது நிழலாகவே இருக்க வேண்டும். தொடக்கத்தில் எல்லாரும் செய்யும் தவறு இது.

ஆச்சியை உட்காரவைக்கும்போது பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வெளிச்சம் படும் பக்கத்துக்குப் பின்னால் இருட்டறையின் வாசல் வரட்டும். நிழல் பக்கத்துக்குப் பின்னால் சுண்ணாம்புச் சுவர் வரட்டும். வெளுப்பு கறுப்பின்மேல், கறுப்பு வெளுப்பின்மேல். இந்த ஒரு மாற்றத்திலேயே உருவம் பின்னணியிலிருந்து பிரிந்து முன்னால் வந்து நிற்கும். கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்த ஓவியர் இளையராஜாவின் படங்களைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். வாசலிலும் ஜன்னலிலும் நுழையும் வெளிச்சத்தை நம் பெண்களின் மாநிறத் தோலில் அவர் அவ்வளவு பிரியத்தோடு வரைந்தார். 2021-ல் கொரோனா அவரைக் கொண்டுபோய்விட்டது. அவர் படங்கள் எங்காவது நேரில் பார்க்கக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

விளக்கொளியில் வரைய ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. தீபத்திலிருந்து தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால்பங்காகிவிடும். கை ஓரடி தள்ளியும் முகம் இரண்டடி தள்ளியும் இருந்தால், முகத்துக்குக் கிடைப்பது கைக்குக் கிடைப்பதில் கால்வாசி. இந்தக் குறைவைத் தைரியமாகக் காட்டுங்கள். மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் எஸ். எல். ஹல்தன்கர் வரைந்த, விளக்கைக் கையால் மறைத்தபடி நிற்கும் பெண்ணின் ஓவியம் இருக்கிறது. பலர் அதை ரவிவர்மா வரைந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தீபத்துக்கு அருகில் விரலிடுக்கு செக்கச் சிவந்து தெரியும், முகம் மென்மையாக ஒளிரும், மற்றதெல்லாம் இருட்டு. அத்தனையும் வாட்டர்கலர்.

3. தீப்பெட்டி அளவில் பன்னிரண்டு படம்

இனி பென்சில். தீப்பெட்டி அளவில் சின்னச் சின்னக் கட்டங்கள் போடுங்கள். ஒவ்வொன்றிலும் அதே காட்சி, ஒவ்வொன்றிலும் வேறு அமைப்பு. மூன்றே டோன்: தாளின் வெள்ளை, நடுச் சாம்பல், கறுப்பு. கண், மூக்கு, சேலைக் கட்டம் எதுவும் வேண்டாம். வெறும் திட்டுகள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் காட்சியே இப்படித் திட்டுகளாகத்தான் தெரியும்.

வெள்ளையும் கறுப்பும் நேருக்கு நேர் மோதும் இடத்துக்குத்தான் கண் முதலில் போகும். கொட்டான் முடையும் காட்சியில் நமக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. ஓலை வெளிர், விரல் கறுப்பு. அந்த மோதல் இயற்கையாகவே நாம் விரும்பும் இடத்தில் அமைந்திருக்கிறது. வேறெங்கும் அதே அளவு மோதல் வராமல் பார்த்துக்கொள்வதுதான் மீதி வேலை.

செட்டிநாட்டு வீடு ஒரு பெரிய வம்பு வைத்திருக்கிறது. முகப்பிலிருந்து பார்த்தால் வாசலுக்குள் வாசல், வாசலுக்குள் வாசல் என்று பின்கட்டு வரை நேராகப் போகும். கடைசியில் கொல்லைப்பக்க வெளிச்சம் ஒரு சின்ன வெள்ளைக் கட்டமாகத் தெரியும். பார்க்க அழகு, ஆனால் அந்தக் கட்டம்தான் மொத்தக் காட்சியிலும் பளிச்சென்ற இடம், அதைச் சுற்றியிருப்பது மொத்தக் காட்சியிலும் இருண்ட இடம். ஆச்சியை எவ்வளவு நன்றாக வரைந்தாலும் பார்ப்பவர் கண் அவர்களைத் தாண்டிக் கொல்லை வழியாக வெளியே போய்விடும். என் முதல் படத்தில் தளம் பறித்துக்கொண்டதுபோக மீதியை இந்தக் கதவுதான் பறித்துக்கொண்டது.

இதற்கு வழிகள் உண்டு. நீங்கள் அரை அடி தள்ளி உட்கார்ந்தால் ஒரு தூண் அந்த வெளிச்சத்தை மறைத்துவிடும். எளிய வழி இதுதான், நான் இதைத்தான் செய்கிறேன். முகத்தை மையமாக வைத்த படமென்றால் தலையை அந்தக் கட்டத்துக்கு முன்னால் கொண்டுவரலாம். வெளிச்சம் தலையைச் சுற்றி நின்று உங்களுக்கே வேலை செய்யும். இரண்டும் முடியாவிட்டால் கட்டத்தை வெள்ளையில் போடாமல் மங்கிய சாம்பலில் போடுங்கள். கண்ணால் கண்டதை மாற்றலாமா என்று தயங்க வேண்டாம். டச்சு ஓவியர் வெர்மீர் 1658 வாக்கில், பால் ஊற்றும் பணிப்பெண்ணை வரைந்தார். ஆம்ஸ்டர்டாமில் ரைக்ஸ் அருங்காட்சியகம் அதை ஸ்கேன் செய்து 2022-ல் வெளியிட்ட செய்தி: அந்தப் பெண்ணின் பின்னால் முதலில் ஜாடிகள் மாட்டும் பலகையும், தரையில் ஒரு கணப்புக்கூடையும் வரையத் தொடங்கியிருக்கிறார், பிறகு இரண்டையும் மறைத்துவிட்டார். இன்று அவள் தலைக்குப் பின்னால் இருப்பது வெறும் சுவர். அந்தச் சுவரின் அமைதியில்தான் பால் விழும் சத்தமே நமக்குக் கேட்கிறது.

பன்னிரண்டில் ஒன்றோ இரண்டோ தேறும். அதுவே அதிகம்.

4. கோடுகள் எங்கே கொண்டுபோகின்றன?

தேர்ந்த சின்னப் படத்தைப் பெரிய தாளுக்கு மாற்றும்போது கோடுகளைக் கவனியுங்கள். தளத்தில் கல் சேரும் கோடுகள் தூரத்தில் ஒரு புள்ளியை நோக்கிக் குவியும். அந்தப் புள்ளி எப்போதும் உங்கள் கண் உயரத்தில் இருக்கும். நீங்கள் நின்றுகொண்டு வரைந்தால் அது ஆச்சியின் தலைக்கு மேலே எங்கோ போய்விடும். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் ஆச்சியின் முக உயரத்துக்கு வந்துவிடும், கோடுகளெல்லாம் அவர்களை நோக்கி ஓடும். வெர்மீரின் அந்தப் படத்தில், இந்தப் புள்ளியைக் குறிக்க அவர் ஊசி குத்திய துளை பணிப்பெண்ணின் வலக்கைக்கு மேலே இன்னும் இருக்கிறது.

தூண்கள் வேறு விதம். நெட்டுக்குத்தாக நிற்கும் தேக்குத் தூண் கண்ணை நிறுத்தும் வேலி. படத்தின் ஓரத்தில் ஒன்று நின்றால் கண் வெளியே போகாமல் திரும்பி உள்ளே வரும். அதே தூண் ஆச்சியின் தலைக்கு நேர் பின்னால் முளைத்து நின்றால் அசிங்கம். ஓரத்தில் பித்தளைச் செம்பு மாதிரி மினுங்கும் சாமான் இருந்தால் எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள்.

எல்லாக் கோடுகளையும்விட வலியது பார்வைக் கோடு. படத்தில் இருப்பவர் எங்கே பார்க்கிறாரோ அங்கேதான் நாமும் பார்ப்போம். ரவிவர்மாவின் சகுந்தலை காலில் முள் தைத்ததுபோல் பாவனை செய்து திரும்பிப் பார்ப்பாள். துஷ்யந்தன் படத்திலேயே இல்லை, ஆனாலும் நம் கண் அவனைத் தேடிப் போகும். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் ரவிவர்மா அச்சுப் படங்கள் இன்னும் மாட்டியிருக்கும். அடுத்த முறை காபி குடிக்கும்போது அந்தப் பார்வைகளைப் பின்தொடர்ந்து பாருங்கள். நம் ஆச்சி தன் விரல்களைப் பார்த்தால் போதும், பாதி வேலை முடிந்தது.

5. நிறம்: கண்டாங்கியை என்ன செய்வது?

அரக்குச் சிவப்பு, கடுகு மஞ்சள், கறுப்பு, பெரிய கட்டம், அகலக் கரை. கண்டாங்கியைவிடக் கண்ணைப் பறிக்கும் சேலை எனக்குத் தெரிந்து இல்லை. அதன் மேல் எனக்குத் தீராத ஆசை, அதனால்தான் அதை அடக்கச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்.

ஒரு நிறம் எப்படித் தெரியும் என்பது பக்கத்தில் இருக்கும் நிறத்தைப் பொறுத்தது. பாரிஸில் கோபலன் நெசவுச்சாலையின் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் செவ்ரல், கறுப்பு நூல் சோபையில்லாமல் தெரிகிறது என்ற புகாரை ஆராய்ந்தார். சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் ஓடிய நீலமும் ஊதாவும்தான் கறுப்பைக் கெடுத்தன. இந்த ஆய்வை 1839-ல் புத்தகமாக வெளியிட்டார். தறியில் உட்கார்ந்து நிறம் சேர்ப்பவர்களுக்கு இது கைப்பழக்கத்திலேயே தெரியும். ஓவியத்தில் நாம் இதைத் திருப்பிப் பயன்படுத்தலாம்: சிவப்பு எரிய வேண்டுமானால் அதில் இன்னும் சிவப்பை ஏற்ற வேண்டாம், சுற்றியிருப்பதைச் சாம்பலாக்கினால் போதும்.

ஆக, ட்யூபிலிருந்து அப்படியே எடுத்த சுத்தமான சிவப்பை ஒரே இடத்தில் வையுங்கள். கொட்டானில் ஊடாக வரும் சாயமேற்றிய சிவப்பு ஓலை அதற்கு ஏற்ற இடம். சேலையின் சிவப்பில் முன்பு சொன்ன சாம்பலைக் கொஞ்சம் கலந்து விடுங்கள். நிழலில் இருக்கும் மடிப்புகளில் இன்னும் கூடுதலாக. சேலை அப்போதும் கண்டாங்கியாகவே தெரியும், ஆனால் கத்தாது. கட்டங்களை எல்லா இடத்திலும் வரையாதீர்கள். வெளிச்சம் படும் முழங்காலில் மட்டும் தெளிவாகப் போட்டு, மடிப்போடு வளைந்து கைகளை நோக்கி இறங்கும்படி விடுங்கள். கட்டத்தின் கோடே வழிகாட்டியாகிவிடும். தளத்துக்கும் இதே வைத்தியம். கொட்டானுக்கு அடியில் இருக்கும் இரண்டு மூன்று கல்லில் மட்டும் பூ தெரியட்டும். மற்றதைத் தட்டையான மங்கல் நிறத்தில் விடுங்கள். பார்ப்பவர் மனம் மீதிப் பூக்களைத் தானே போட்டுக்கொள்ளும்.

தோலைப் பற்றி ஒரு வார்த்தை. தோல் நிறம் என்று இளஞ்சிவப்பில் ஒரு ட்யூப் விற்கிறார்கள். வாங்காதீர்கள், அது நம் தோல் இல்லை. பர்ன்ட் சியன்னாவில் தொடங்கி, வெளிச்சப் பக்கம் ஆக்கரும் துளி வெள்ளையும், நிழல் பக்கம் அல்ட்ராமரினும் சேர்த்துக் கலவை செய்யுங்கள். கறுத்த தோல் வளவின் திறந்த வானத்தை வாங்கி மினுங்கும். நெற்றி மேட்டிலும் விரல் கணுக்களிலும் தெரியும் அந்த மினுக்கம் நீலம் கலந்த வெளிர் நிறம், வெறும் வெள்ளை இல்லை. இரண்டு மூன்று தொடுதல் போதும், அதையும் விரல்களுக்கே முதலில் கொடுங்கள்.

வெளிச்ச நாடகமே இல்லாமலும் இதைச் செய்ய முடியும். ஓவியர் அம்ரிதா ஷெர்கில் அஜந்தாவையும் தென்னிந்தியாவையும் பார்த்துவிட்டு 1937-ல் வரைந்த பிரம்மச்சாரிகள் ஓவியத்தில் பழுப்பு உடம்பும் வெள்ளை வேட்டியும் தட்டையான பரப்புகளாக நின்றே கண்ணைப் பிடித்து வைக்கின்றன. உங்களுக்கு நிழல் போடுவது பிடிக்கவில்லை என்றால் அந்த வழியில் போங்கள்.

6. ஓரங்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விரலும் ஓலையும் சேரும் ஓரத்தைக் கத்தியால் வெட்டியதுபோல் கூர்மையாக விடுங்கள். ஆச்சியின் முதுகு இருட்டோடு சேரும் ஓரத்தை ஈரம் காய்வதற்குள் பிரஷ்ஷால் இழுத்துக் கரைத்துவிடுங்கள். அக்ரிலிக் வேகமாகக் காயும், அதனால் முதுகுப் பக்கத்தை முடித்துவிட்டு எழுந்திருங்கள். செட்டிநாட்டுச் சுவரின் பளபளப்பு வேறு ஒரு தொல்லை. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெழுகிய சுவர் கண்ணாடிபோல் மினுங்கும். அந்த மினுக்கத்தை ஒரு படி குறைத்தே போடுங்கள்.

7. சரிபார்க்கும் முறை

படத்தைத் தலைகீழாகத் திருப்பி வையுங்கள். ஆச்சி மறைந்து திட்டுகள் மட்டும் தெரியும், தேவையில்லாமல் பளிச்சிடும் இடம் உடனே அகப்படும். அப்புறம் செல்போனில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் எடுங்கள். நிறத்தில் அடங்கியதுபோல் இருந்த மஞ்சள் கரை அதில் வெள்ளையாகக் கத்திக்கொண்டிருக்கலாம். செல்போனைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதைப் பார்த்து வரையாதீர்கள். வளவு மாதிரி இடத்தில் அது நிழலை ஒரேயடியாகக் கறுப்பாக்கும், வெளிச்சத்தை வெளுத்துவிடும். நடுவே இருக்கும் சிவப்பு நிழலும் நீல மினுக்கமும் காணாமல் போயிருக்கும்.

உட்கார்ந்து கொடுப்பவர்களுக்கு இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்க நேரம் கொடுங்கள். காலை மடக்கி உட்கார்ந்திருக்கும் வயதானவர்கள் வலியை வெளியே சொல்ல மாட்டார்கள். திரும்பி உட்காரும் இடம் தெரிய, தளத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டால் போதும்.

கடைசியாக, இந்தப் படம் வரைந்ததே தெரியாத ஒருவரைக் கூப்பிடுங்கள். மூன்று எண்ணும் வரை காட்டிவிட்டுத் திருப்பி வைத்துவிட்டு, என்ன பார்த்தீர்கள் என்று கேளுங்கள். "ஆச்சி என்னமோ முடைஞ்சுக்கிட்டு இருக்காங்க" என்றால் கையெழுத்துப் போடலாம். "தளம் நல்லா இருக்கு" என்றால் அந்தச் சாம்பலை இன்னொரு முறை கலந்து, தளத்தில் கை வையுங்கள்.